பென்சிலும் கட்டத்தாளும்: 1975 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்துக்கு ஸ்கோர்கார்டு எழுதும் முறை

1975 அக்டோபர் 21 இரவு, பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் மைதானத்தில் சின்சினாட்டி ரெட்ஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் மோதிய பேஸ்பால் ஆட்டத்தின் ஒளிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது. அமெரிக்கப் பேஸ்பாலின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம் அது. மழையால் மூன்று நாள் தள்ளிப்போய், 12 இன்னிங்ஸ் நீண்டு, நள்ளிரவு தாண்டி 12:34க்கு முடிந்தது. பாஸ்டன் 7, சின்சினாட்டி 6. ஆடிய நேரம் 4 மணி 1 நிமிடம்.

ஸ்கோர்கார்டு, அதாவது ஒவ்வொரு பேட்டருக்கும் நடந்ததைக் கட்டம் கட்டமாகப் பதியும் தாள், எழுதப் பழகுகிறவர்களுக்கு இந்த ஆட்டத்தைச் சிபாரிசு செய்யக் காரணம் உண்டு. சாதாரண ஆட்டம் ஒன்றில் வராத சிக்கல்கள் எல்லாம் இதில் ஒரே இரவில் வந்துவிடுகின்றன: 12 பிட்சர்கள், பிஞ்ச் ஹிட்டர்கள் (இன்னொருவருக்குப் பதிலாகப் பேட் செய்ய வருகிறவர்கள்), ஆட்டக்காரர்கள் இடம் மாறுவது, கேட்ச் பிடித்த கையோடு இன்னொருவரையும் அவுட்டாக்கும் டபுள் பிளே இரண்டு. பந்து எங்கே போனது என்று எழுதுவதில் யாரும் அதிகம் தவறுவதில்லை. யார் யாருக்குப் பதிலாக எந்த இடத்தில் வந்தார் என்பதில்தான் கார்டு குலைகிறது. ஆகவே இந்தக் குறிப்பில் பாதி அதைப் பற்றியே இருக்கும். மூன்று அவுட்டுக்கு அரை இன்னிங்ஸ், நான்கு பாலுக்கு வாக், மூன்று ஸ்ட்ரைக்குக்கு அவுட் என்ற அளவுக்கு விதிகள் தெரிந்திருந்தால் போதும்.

தாள்

கடையில் அல்லது இணையத்தில் கிடைக்கும் அச்சுக் கார்டுகள் பெரும்பாலும் 9 அல்லது 10 இன்னிங்ஸுக்குத்தான் பத்தி வைத்திருக்கும். இந்த ஆட்டத்துக்கு 12 வேண்டும். ஆகவே சொந்தமாகக் கோடு போடுவதே நல்லது. அணிக்கு ஒன்றாக இரண்டு ஏ4 தாள்களைப் படுக்கைவாக்கில் வையுங்கள். சுற்றிலும் 1 செ.மீ. ஓரம் விட்டால் அகலத்தில் 27.7 செ.மீ. மிஞ்சும். பெயருக்கு 4.5, 12 இன்னிங்ஸுக்குத் தலா 1.6 வீதம் 19.2, கடைசியில் கூட்டுத்தொகைகளுக்கு 4 செ.மீ. என்று பிரித்தால் சரியாக அடங்கும்.

உயரத்தில் 19 செ.மீ. இருக்கும். தலைப்புக்கு 1, அடிக்கூட்டலுக்கு 1.2 போக, முதல் எட்டு பேட்டர்களின் வரிக்குத் தலா 1.6. மீதியாகும் 4 செ.மீ. முழுவதையும் ஒன்பதாவது வரிக்கே கொடுத்துவிடுங்கள். சின்சினாட்டி தாளில் அந்த ஒரு வரியில் மட்டும் 12 பேரின் பெயர் வரப்போகிறது. முன்னேற்பாடு இல்லாமல் உட்கார்ந்தவர்கள் 5ஆவது இன்னிங்ஸிலேயே தாளை மாற்ற வேண்டிவரும்.

ஏன் ஒன்பதாவது வரி? அமெரிக்கன் லீக் 1973லேயே பிட்சருக்குப் பதில் பேட் செய்ய ஒருவரை வைத்துக்கொள்ளும் 'டெசிக்னேட்டட் ஹிட்டர்' விதிக்கு மாறிவிட்டது. ஆனால் உலகத் தொடரில் அந்த விதி முதன்முதலாக வந்தது 1976இல். எனவே 1975 தொடரில் இரண்டு அணிப் பிட்சர்களும் பேட் பிடித்தே ஆக வேண்டும். அவர்களுக்கான இடம் வழக்கம்போல் ஒன்பது. பிட்சரை மாற்றும் ஒவ்வொரு முறையும், பிட்சருக்குப் பதில் வேறொருவர் பேட் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த வரியில் ஒரு பெயர் கூடும்.

ஒவ்வொரு இன்னிங்ஸ் கட்டத்தின் நடுவிலும் சின்னதாக ஒரு வைர வடிவம் வெளிர் கோட்டில் வரையுங்கள். கீழ்முனை ஹோம் பிளேட், வலமுனை முதல் பேஸ், மேல்முனை இரண்டாவது, இடமுனை மூன்றாவது. 0.5 மி.மீ. பென்சில், நல்ல ரப்பர், ஒரு சிவப்புப் பென்சில் போதும். பேனா வேண்டாம். ஸ்கோரர் ஹிட் என்று முதலில் அறிவித்ததைப் பிறகு எரர் (ஃபீல்டரின் பிழை) என்று மாற்றுவதும் உண்டு.

எண்கள்: சட்டையில் இருப்பது வேறு, கார்டில் எழுதுவது வேறு

ஃபீல்டிங் இடங்களுக்கு நிரந்தர எண்கள் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ்மேன் 3, இரண்டாம் பேஸ்மேன் 4, மூன்றாம் பேஸ்மேன் 5, ஷார்ட்ஸ்டாப் 6, லெஃப்ட் ஃபீல்டர் 7, சென்டர் ஃபீல்டர் 8, ரைட் ஃபீல்டர் 9. ஷார்ட்ஸ்டாப் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நின்றாலும் அவர் எண் 6தான். புதியவர்கள் 5ஐயும் 6ஐயும் மாற்றி எழுதுவது வாடிக்கை.

இந்த ஆட்டத்தில் இன்னொரு குழப்பம் சேரும். பாஸ்டனின் உள்ளூர்ச் சட்டையின் முதுகில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியின் சட்டை எண் 8, ஆனால் அவர் தொடங்குவது லெஃப்ட் ஃபீல்டில், அதாவது 7. சட்டை எண் 7 அணிந்த ரிக் பர்லெசன் ஷார்ட்ஸ்டாப், அதாவது 6. சென்டர் ஃபீல்டர் ஃப்ரெட் லின்னுக்குச் சட்டை எண் 19, இடம் 8. எதிரணியில் ஜானி பெஞ்ச் சட்டை 5, இடம் 2. ஜோ மோர்கன் சட்டை 8, இடம் 4. ஆட்டம் தொடங்குமுன் பெயருக்கு இடப்பக்கம் சட்டை எண்ணையும், வலப்பக்கம் இட எண்ணை வட்டமிட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கட்டத்துக்குள் எழுதும் எண் எப்போதும் வட்டத்துக்குள் இருக்கும் எண்ணே.

சின்சினாட்டி வரிசை: பீட் ரோஸ் 5, கென் கிரிஃபி 9, ஜோ மோர்கன் 4, ஜானி பெஞ்ச் 2, டோனி பெரெஸ் 3, ஜார்ஜ் ஃபாஸ்டர் 7, டேவ் கான்செப்சியான் 6, சீஸர் ஜெரோனிமோ 8, கேரி நோலன் 1.

பாஸ்டன் வரிசை: செசில் கூப்பர் 3, டெனி டாய்ல் 4, யஸ்ட்ரெம்ஸ்கி 7, கார்ல்டன் ஃபிஸ்க் 2, லின் 8, ரிக்கோ பெட்ரோசெல்லி 5, ட்வைட் எவன்ஸ் 9, பர்லெசன் 6, லூயிஸ் டியான்ட் 1.

ஒரு கட்டத்தை நிரப்புவது

குறியீடுகள் ஆங்கில எழுத்துகள்தான். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு 'கே'. பேட்டை வீசாமல் நின்று பார்த்தே மூன்றாவது ஸ்ட்ரைக் விழுந்தால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிப் போடுவார்கள். வாக் 'பிபி', வேண்டுமென்றே கொடுத்த வாக் 'ஐபிபி', பந்து உடம்பில் பட்டால் 'எச்பிபி', பேஸ் திருட்டு 'எஸ்பி', தியாக பண்ட் (பேஸில் இருப்பவரை நகர்த்த, பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தான் அவுட்டாவது) 'எஸ்எச்', ஃபீல்டர் முன்னால் ஓடுகிறவரை அவுட்டாக்கத் தீர்மானித்ததால் பேட்டர் பிழைத்தால் 'எஃப்சி', எரர் என்றால் 'ஈ' போட்டு யார் செய்தாரோ அவர் எண்.

உயர்ந்து போன பந்தைப் பிடித்தால் 'எஃப்' எழுத்தும் பிடித்தவர் எண்ணும்: எஃப்7, எஃப்9. நேராகச் சீறிப் போனதைப் பிடித்தால் 'எல்'. தரையில் உருண்ட பந்துக்கு எடுத்தவர் எண், கோடு, வாங்கியவர் எண்: 6-3 என்றால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். ஒவ்வொரு அவுட்டுக்கும் அந்த இன்னிங்ஸில் அது எத்தனையாவது என்று 1, 2, 3 எழுதி வட்டமிடுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தால் விடாதீர்கள். பின்னால் கணக்குச் சரிபார்க்கும்போது பிழையைக் காட்டிக்கொடுப்பது இந்த வட்டங்கள்தான்.

ஹிட் அடித்தால் வைரத்தில் அடைந்த பேஸ்வரை கோட்டை அழுத்திப் போடுங்கள். பின்னால் வருகிறவரின் அடியில் அவர் நகர்ந்தால், நகர்த்தியவரின் பேட்டிங் வரிசை எண்ணை அந்தப் பேஸ் ஓரத்தில் பொடியாக எழுதிக் கோட்டை நீட்டுங்கள். ஹோம் பிளேட் வந்து சேர்ந்தால் வைரம் முழுவதையும் நிழலிட்டு நிரப்புங்கள். ரன் எத்தனை என்பது தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.

கட்டத்தின் மேல் மூலையில் பால், ஸ்ட்ரைக் எண்ணிக்கையைப் புள்ளிகளாக வைக்கலாம். பழைய ஒளிபரப்பில் இது கட்டாயம் என்றே சொல்வோம். இப்போதுபோல் திரையின் மூலையில் ஸ்கோரும் எண்ணிக்கையும் எந்நேரமும் நிற்காது. அவ்வப்போது வந்து மறையும். ஒரு பந்தைத் தவறவிட்டால் வர்ணனையாளர் அடுத்துச் சொல்லும்வரை இருட்டுத்தான். பதிவை நிறுத்திப் பின்னோக்கிப் போவதற்கும் அஞ்ச வேண்டாம்.

பாஸ்டனின் முதல் இன்னிங்ஸ் நல்ல பயிற்சி. முதல் இருவரும் அவுட். வட்டம் 1, வட்டம் 2. யஸ்ட்ரெம்ஸ்கி சிங்கிள், ஃபிஸ்க் சிங்கிள். லின் வலப்புற மைதானத்தின் பக்கம் ஹோம் ரன். லின் கட்டத்தில் 'எச்ஆர்', முழு வைரமும் நிழல், ஓரத்தில் ஆர்பிஐ (அவர் அடியால் வந்த ரன்கள்) 3 என்பதற்கு மூன்று புள்ளி. யஸ்ட்ரெம்ஸ்கி, ஃபிஸ்க் இருவரின் வைரத்தையும் நிரப்பி, ஹோம் பிளேட் ஓரத்தில் 5 என்று எழுதுங்கள், லின் ஐந்தாவது பேட்டர் என்பதால். மூன்றாவது அவுட் விழுந்ததும் அந்தப் பேட்டரின் கட்டத்தின் கீழ் வலது மூலையில் சாய்கோடு. அடுத்த இன்னிங்ஸ் அவருக்கு அடுத்தவரிடமிருந்து, அடுத்த பத்தியில் தொடங்கும்.

சின்சினாட்டியின் ஐந்தாவது இன்னிங்ஸைச் சற்றுக் கவனமாக எழுத வேண்டும். எட் ஆர்ம்பிரிஸ்டர் பிட்சருக்குப் பதிலாக வந்து வாக் வாங்குகிறார், ரோஸ் சிங்கிள். கிரிஃபியின் அடி சென்டர் ஃபீல்டுச் சுவர்வரை போக, லின் பாய்ந்து சுவரில் மோதிச் சரிகிறார்; இருவர் ஓடி வந்துவிட, கிரிஃபி மூன்றாவது பேஸில். டிரிபிள், ஆர்பிஐ 2. லின் கீழே கிடப்பதால் ஆட்டம் நிற்கும், மைதானமே அமைதியாகிவிடும், ஆனால் அவர் எழுந்து ஆட்டத்தைத் தொடர்கிறார். மாற்றம் இல்லை, ஆகவே கார்டில் கோடும் இல்லை. தாளின் ஓரத்தில் ஒரு சொல் குறித்தால் போதும். (பஞ்சுறை இல்லாத அந்தச் சுவருக்கு அடுத்த பருவத்துக்குமுன் உறை போட்டார்கள்.) அடுத்து மோர்கன் பாப் அப் (அருகிலேயே உயர எழும்பிப் பிடிபட்ட அடி) ஆகிவிட, பெஞ்ச் அடித்த பந்து இடப்புறம் 37 அடி உயரத்தில் நிற்கும் 'கிரீன் மான்ஸ்டர்' சுவரில் பட்டுத் திரும்புகிறது. கிரிஃபி ஹோம் வருகிறார். மற்ற மைதானங்களில் டபுள் என்று தோன்றும் அடி இங்கே சிங்கிள். பந்து எவ்வளவு தூரம் போனது என்பதைப் பார்த்து எழுதாதீர்கள். பேட்டர் எந்தப் பேஸில் நின்றார் என்று பார்த்து எழுதுங்கள்.

மாற்று ஆட்டக்காரர்கள்

பேஸ்பாலில் வெளியேறியவர் திரும்பி வர முடியாது. உள்ளே வருகிறவர் வெளியேறியவரின் பேட்டிங் இடத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறார். விதி இவ்வளவுதான். கார்டில் அதைக் காட்டுவது எப்படி?

பேட்டிங் மாற்றம் என்றால், புதியவர் பேட் செய்யும் கட்டத்தின் இடப்பக்கக் கோட்டைச் சிவப்பில் அழுத்துங்கள். பிட்சர் மாற்றம் என்றால் அது எதிரணியின் தாளில் வரும்: புதிய பிட்சர் சந்திக்கும் முதல் பேட்டரின் கட்டத்துக்கு மேலே குறுக்காகச் சிவப்புக்கோடு. பெயர் பத்தியில் புதியவர் பெயரைப் பழையவருக்குக் கீழே எழுதி, பக்கத்தில் இன்னிங்ஸ் எண். இரண்டு தாளிலும் எழுத வேண்டியிருக்கும், ஏனென்றால் பிட்சர் எதிரணித் தாளில் பந்து போடுகிறார், தன் அணித் தாளில் பேட் பிடிக்கிறார்.

சின்சினாட்டியின் ஒன்பதாவது வரிக்கு வருவோம். மேனேஜர் ஸ்பார்க்கி ஆண்டர்சன் எட்டுப் பிட்சர்களை இறக்கினார். வரிசை இது: நோலன், பிஞ்ச் ஹிட்டர் டாரல் செய்னி, ஃப்ரெட் நார்மன், ஜாக் பில்லிங்ஹாம், ஆர்ம்பிரிஸ்டர், கிளே கேரல், டெரி க்ரௌலி, பெட்ரோ போர்போன், ராலி ஈஸ்ட்விக், வில் மெக்எனானி, டான் டிரீசன், பாட் டார்சி. 4 செ.மீ. உயரத்தில் 12 பெயர் என்றால் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். அதனால் பெயர்களைத் தாளின் பின்பக்கம் வரிசை எண் போட்டு எழுதி, முன்பக்கத்தில் எண்ணை மட்டும் வையுங்கள். உண்மையில் அந்த வரியில் நிரம்பும் கட்டங்கள் ஐந்தே ஐந்து. ஐந்து முறை அந்த இடம் பேட்டுக்கு வந்தது, ஐந்து முறையும் வேறு வேறு ஆள்: செய்னி, ஆர்ம்பிரிஸ்டர், க்ரௌலி, போர்போன், டிரீசன். இதில் பிட்சர் போர்போன் மட்டும்தான்.

பாஸ்டன் தாளில் பெயர்கள் குறைவு, சிக்கல் அதிகம். எட்டாவது இன்னிங்ஸின் தொடக்கத்தில் ஜெரோனிமோ ஹோம் ரன் அடிக்க, டியான்ட் வெளியே போய் ரோஜர் மொரெட் வருகிறார். ஸ்கோர் 6-3. கீழ்ப்பாதியில் மொரெட்டுக்குப் பதிலாக பெர்னி கார்போ பேட் பிடித்து, இரண்டு பால் இரண்டு ஸ்ட்ரைக் என்ற நிலையில் சென்டர் ஃபீல்டுக்கு மேலே மூன்று ரன் ஹோம் ரன். 6-6. மொத்த மைதானமும் ஆர்ப்பரிக்கும் இந்த நேரத்தில்தான் பெரும்பாலான கார்டுகள் கெடுகின்றன, ஏனென்றால் அடுத்த மாற்றம் சத்தமில்லாமல் நடக்கிறது.

கார்போவுக்கு அடுத்து கூப்பர் ஸ்ட்ரைக் அவுட்; இன்னிங்ஸ் முடிந்தது. ஒன்பதாவதில் பாஸ்டன் களமிறங்கும்போது கார்போ வெளியேறவில்லை, லெஃப்ட் ஃபீல்டில் நிற்கிறார். லெஃப்ட் ஃபீல்டில் இருந்த யஸ்ட்ரெம்ஸ்கி முதல் பேஸுக்கு வந்துவிட்டார். முதல் பேஸில் இருந்த கூப்பர் வெளியே. பிட்சர் புதியவர், டிக் டிராகோ. அப்படியென்றால் டிராகோ எந்த வரியில்? பழக்கத்தில் ஒன்பதாவது வரியில் எழுதிவிடுவார்கள். தவறு. ஒன்பதாவது வரி கார்போவுடையது. டிராகோ வருவது கூப்பர் விட்ட முதல் வரியில். காரணம் தெளிவு: கூப்பர் இப்போதுதான் ஆடி முடித்தார், ஆகவே அந்த இடம் மறுபடி வர எட்டுப் பேர் ஆட வேண்டும். பிட்சரின் பலவீனமான பேட்டிங்கை முடிந்தவரை தள்ளிப்போடும் ஏற்பாடு இது.

எழுதும் முறை: ஒன்பதாவது வரியில் கார்போ பெயருக்கு அருகே பிஞ்ச் ஹிட்டர் என்பதன் பின் வட்டத்தில் 7. மூன்றாவது வரியில் யஸ்ட்ரெம்ஸ்கியின் 7ஐ அழிக்காமல் பக்கத்தில் கோடிட்டு 3, இன்னிங்ஸ் 9. முதல் வரியில் கூப்பருக்குக் கீழே டிராகோ, வட்டத்தில் 1. பிறகு 11ஆவதில் அந்த இடம் பேட்டுக்கு வரும்போது டிராகோவுக்குப் பதில் ரிக் மில்லர். 12ஆவதில் பிட்சராக ரிக் வைஸ், அவரும் முதல் வரியிலேயே. முதல் வரியில் நான்கு பெயர், ஆனால் பேட் பிடித்தவர் இருவர்தான்: கூப்பர் ஐந்து முறை, மில்லர் ஒரு முறை.

இதைக் கோட்டை விடாமல் இருக்க ஒரே வழி, ஒவ்வொரு அரை இன்னிங்ஸ் தொடக்கத்திலும் ஒன்பது இடங்களையும் எண்ணிப் பார்ப்பது. விளம்பர இடைவேளையில் நடந்த மாற்றம் ஒளிபரப்பில் தாமதமாகத்தான் சொல்லப்படும். 8ஆம் எண் சட்டை முதல் பேஸில் நிற்கிறதா என்பதைக் கண்ணால் பாருங்கள்.

இரண்டு டபுள் பிளேக்கள்

ஒன்பதாவது இன்னிங்ஸ், பாஸ்டன் பேட்டிங், ஸ்கோர் சமம். டாய்ல் வாக். யஸ்ட்ரெம்ஸ்கி சிங்கிள், டாய்ல் மூன்றாவது பேஸில். ஈஸ்ட்விக் போய் மெக்எனானி வருகிறார், ஃபிஸ்க்கை வேண்டுமென்றே நடக்கவிடுகிறார்கள். (அப்போது நான்கு பந்துகளையும் எறிந்தே ஆக வேண்டும், சைகையிலேயே வாக் கொடுக்கும் விதி 2017இல்தான் வந்தது. ஆகவே நான்கு புள்ளி வையுங்கள்.) பேஸ் மூன்றும் நிறைவு, அவுட் யாரும் இல்லை. லின் இடப்புற எல்லைக்கோட்டுக்கு வெளியே உயர அடிக்க, ஃபாஸ்டர் பிடிக்கிறார். டாய்ல் ஹோம் நோக்கி ஓட, ஃபாஸ்டரின் எறி பெஞ்ச்சின் கையில், டாய்ல் அவுட்.

இதை இரண்டு கட்டத்தில் எழுத வேண்டும். லின் கட்டத்தில் எஃப்7, வட்டம் 1. டாய்ல் கட்டத்தில் மூன்றாவது பேஸிலிருந்து ஹோம் போகும் பாதையின் பாதியில் குறுக்குக்கோடு போட்டு 7-2, வட்டம் 2. இரண்டு கட்டத்திலும் 'டிபி'. யாரும் ரன் எடுக்காததால் லின்னுக்குத் தியாக ஃப்ளை (பிடிபட்டாலும் ரன் வரவைக்கும் உயர அடி) கிடையாது, அட்-பேட் (வாக், எச்பிபி, தியாக அடி போன்றவை சேராத பேட்டிங் கணக்கு) ஆகவே சேரும். பெட்ரோசெல்லி மூன்றாவது அவுட். தாளில் டாய்லின் கட்டம் லின்னுக்கு மூன்று வரி மேலே இருப்பதால், வட்டங்கள் மேலிருந்து கீழே 2, 1, 3 என்று வரும். பார்க்கத் தப்புபோல இருக்கும். அதுதான் சரி.

பதினொன்றாவதில் சின்சினாட்டி. டிராகோவின் பந்து ரோஸ் மேல் பட்டு எச்பிபி. கிரிஃபி பண்ட் செய்ய, ஃபிஸ்க் பந்தை எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிந்து ரோஸை அவுட்டாக்குகிறார். ரோஸ் கட்டத்தில் 2-6, வட்டம் 1. கிரிஃபி கட்டத்தில் எஃப்சி. தியாக பண்ட் என்று எழுதக் கூடாது, முன்னால் ஓடியவர் அவுட்டாகிவிட்டால் தியாகம் பலிக்கவில்லை என்று அர்த்தம். அடுத்து மோர்கன் வலப்புறம் வெகுதூரம் அடிக்க, எவன்ஸ் பின்னால் ஓடிப் பிடிக்கிறார். ஹோம் ரன் என்றோ டபுள் என்றோ நம்பி கிரிஃபி ஓடிவிட்டிருந்தார். எவன்ஸின் எறி முதல் பேஸைவிட்டு விலகிப் போக, யஸ்ட்ரெம்ஸ்கி அதை எடுத்து, பேஸுக்கு ஓடிவந்து நின்ற ஷார்ட்ஸ்டாப் பர்லெசனிடம் தருகிறார். மோர்கன் எஃப்9, வட்டம் 2. கிரிஃபி 9-3-6, வட்டம் 3. முதல் பேஸில் விழுந்த அவுட் 6இல் முடிகிறதே என்று திகைத்து 9-3 என்று திருத்திவிடாதீர்கள். பந்தைத் தொட்டவர்கள் எல்லோரும் வரிசையாக இருக்க வேண்டும், முன்னவர்களுக்கு அசிஸ்ட் (உதவிய கணக்கு), கடைசியானவருக்குப் புட்-அவுட் (அவுட்டை முடித்த கணக்கு). அந்த 3 யஸ்ட்ரெம்ஸ்கிதான், கூப்பர் அல்ல. ஒன்பதாவதில் மாற்றத்தைக் குறிக்காதவர்களின் கார்டில் அசிஸ்ட் தவறான ஆளிடம் போய்ச் சேருவது இங்கேதான்.

பிட்சர்களின் கணக்கு

தாளின் பின்பக்கத்தில் பிட்சர்களுக்கு ஒரு பட்டியல்: இன்னிங்ஸ், ஹிட், ரன், எர்ன்டு ரன் (ஃபீல்டர்களின் பிழையால் வராத ரன்), வாக், ஸ்ட்ரைக் அவுட். இன்னிங்ஸ் எழுதும்போது 0.2 என்றால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது இரண்டு அவுட், தசமம் அல்ல. பேசாமல் அவுட் எண்ணிக்கையாகவே எழுதிவைத்துக் கடைசியில் மாற்றிக்கொள்வது பிழை குறைக்கும். சின்சினாட்டிக்கு: நோலன் 6, நார்மன் 2, பில்லிங்ஹாம் 4, கேரல் 3, போர்போன் 6, ஈஸ்ட்விக் 3, மெக்எனானி 3, டார்சி 6. கூட்டினால் 33. பாஸ்டன் 11 முழு இன்னிங்ஸ் ஆடி, 12ஆவதில் ஒரு அவுட்டும் விழாமலேயே ஜெயித்துவிட்டதால் 33 சரி.

ரன் யார் தலையில்? பேட்டரைப் பேஸில் விட்டுவிட்டுப் போன பிட்சர் தலையில். எட்டாவதில் லின்னின் சிங்கிள், பெட்ரோசெல்லியின் வாக் இரண்டும் போர்போன் போட்டபோது. அவர் போய் ஈஸ்ட்விக் வந்து இரண்டு அவுட் எடுத்தபின் கார்போ அடிக்கிறார். மூன்று ரன்னில் இரண்டு போர்போனுக்கு, ஒன்று ஈஸ்ட்விக்குக்கு. ஹோம் ரன் கொடுத்தவர் கணக்கில் மூன்றையும் ஏற்றுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. ஒவ்வொரு கட்டத்தின் கீழ் இடது மூலையிலும் அப்போது போட்ட பிட்சரின் வரிசை எண்ணைப் பொடியாக எழுதினால் இந்தச் சந்தேகமே வராது. ஒன்பதாவதில் டாய்ல் தப்பி ஓடி வந்திருந்தால், அந்த ரன்னும் தோல்வியும் பந்து கையில் இருந்த மெக்எனானிக்கு அல்ல, வெளியே போய்விட்ட ஈஸ்ட்விக்குக்கே போயிருக்கும்.

டார்சி 10, 11 இன்னிங்ஸில் ஆறு பேரையும் வரிசையாக அவுட்டாக்கினார். 12ஆவதில் முதல் பேட்டர் ஃபிஸ்க், முதல் பந்து பால், இரண்டாவது பந்து இடப்புற எல்லைக் கம்பத்தில். கம்பத்தில் பட்டால் அது ஆட்டத்துக்குள் விழுந்த பந்து, ஹோம் ரன். ஃபிஸ்க் கட்டத்தில் ஒரு பால் புள்ளி, எச்ஆர், ஆர்பிஐ 1. வட்டம் எதுவும் கிடையாது. டார்சிக்கு இன்னிங்ஸ் 2, பக்கத்தில் '12ஆவதில் ஒருவருக்குப் போட்டார்' என்ற குறிப்பு; தோல்வியும் அவருக்கு. ஓர் இன்னிங்ஸ் மட்டும் போட்ட வைஸ், முன்னிலை வந்தபோது பாஸ்டனின் பிட்சராக இருந்ததால் வெற்றி அவர் பெயரில். ஏழு இன்னிங்ஸுக்கு மேல் உழைத்த டியான்டுக்கு இரண்டும் இல்லை. நியாயமா என்று கேட்டால், இந்த விதியில் நியாயம் தேடி யாரும் கண்டதில்லை.

சரிபார்ப்பு

எழுதி முடித்ததும் ஒரு சமன்பாடு. ஓர் அணியின் பேட்டர்கள் மொத்தம் எத்தனை முறை பிளேட்டுக்கு வந்தார்களோ, அந்த எண் = ரன் + அவுட் + பேஸில் மிச்சம் நின்றவர்கள். வந்தவர் ஒவ்வொருவரும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் முடிய முடியும்.

சின்சினாட்டி: ரன் 6, அவுட் 36, மிச்சம் 11. கூட்டல் 53. இதை இரண்டு வழியில் சோதிக்கலாம். அட்-பேட் 50, வாக் 2, எச்பிபி 1, கூட்டினால் அதே 53. வரிசையை வைத்தும் பார்க்கலாம்: ஐந்து முழுச் சுற்று 45, மேலே எட்டுப் பேர், எனவே கடைசியாக ஆடியவர் எட்டாவது இடத்துக்காரர் ஜெரோனிமோவாக இருக்க வேண்டும். அவர்தான் 12ஆவதின் கடைசி அவுட்.

பாஸ்டன்: ரன் 7, அவுட் 33, மிச்சம் 9. மொத்தம் 49. ஐந்து சுற்றும் நால்வரும், நான்காவது ஃபிஸ்க். ரன் வரி மூன்று மூன்றாகப் பிரித்தால் சின்சினாட்டி 000 030 210 000, பாஸ்டன் 300 000 030 001. ஹிட் 14க்கு 10. எரர் பாஸ்டனுக்கு ஒன்று, சின்சினாட்டிக்கு இல்லை.

உங்கள் தாளில் கூட்டல் ஒன்று குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது டாய்ல், கிரிஃபி கட்டங்களை: வாக்கிலோ எஃப்சியிலோ பேஸ் ஏறியவரைப் பிறகு அவுட்டாக்கிய வட்டம் விடுபட்டிருக்கும். ஒன்று கூடினால் அதே இருவரை அவுட்டிலும் எண்ணி, மிச்சம் நின்றவர்களிலும் சேர்த்திருப்பீர்கள். கூட்டல் சரியாக வந்தும் தனிநபர் அட்-பேட் உதைத்தால், பாஸ்டனின் முதல் வரியையும் ஒன்பதாவது வரியையும் பாருங்கள். கார்போவுக்கு இரண்டு, 8ஆவதிலும் 10ஆவதிலும். மில்லருக்கு ஒன்று, 11ஆவதில். டிராகோவுக்கும் வைஸுக்கும் பூஜ்யம்.